ஆ காட்டு, தங்கம்!

"ஸ்டிக்கர் எங்கடி வெச்ச?"

காலை ஏழு மணி. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவின் ஸ்டோர் ரூமில் இளம் டாக்டர்கள் நான்கு பேர் அட்டைப் பெட்டிகளுக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கையுறை வந்துவிட்டது. ஆட்டோகிளேவில் சுத்தமாகி, கவருக்குள் சீல் வைத்த வாய்க் கண்ணாடிகள் வந்துவிட்டன. பஞ்சு உருளை, காஸ் துணி, கிட்னி ட்ரே, தலையில் மாட்டும் விளக்கு, குப்பைக்கு மஞ்சள் பை, சிவப்புப் பை எல்லாம் வாசலில் தயார். அன்றைய கதாநாயகனான ஃபுளோரைடு வார்னிஷ்கூட ஒரு டப்பாவுக்குள் பத்திரமாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் யாரும் கிளம்புவதாக இல்லை. ஸ்டார் ஸ்டிக்கர் கட்டைக் காணோம்!

"ஒரு கண்ணாடி குறைஞ்சாக்கூட சமாளிச்சுக்கலாம் சார். ஸ்டிக்கர் இல்லாம ஒண்ணாங்கிளாஸ் பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியாது" என்கிறார் முதுகலை படிக்கும் டாக்டரம்மா. கடைசியில் அது கிடைத்த இடம், பல் தேய்த்துக் காட்டுவதற்கென்று வைத்திருக்கும் பெரிய முதலை பொம்மையின் வாய். யார் வைத்தது என்ற விசாரணை வேன் ஏறும்வரை நடக்கிறது. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தக் கூட்டத்தோடுதான் நாம் இன்றைக்குப் போகிறோம். பள்ளிக்கூடத்தில் நடக்கும் பல் முகாமைப் பெற்றோர் பார்ப்பதே இல்லை. சாயங்காலம் பிள்ளை வந்து "பல்லுல மஞ்சளா பூசினாங்கம்மா" என்று சொல்வதோடு சரி. அந்த மஞ்சள் எப்படிப் பல்லுக்கு வந்து சேர்கிறது என்பதைப் பக்கத்திலேயே நின்று பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. ஜன்னலோர சீட் உங்களுக்குத்தான், ஏறிக்கொள்ளுங்கள்!

வேனுக்குள் ஒரு ஒத்திகை. ஹவுஸ் சர்ஜன் பையன்கள் இரண்டு பேருக்கு இதுதான் முதல் முகாம். அவர்களுக்குச் சொல்லித்தரப்படுவது மருந்தைப் பற்றி இல்லை, எந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்பதைப் பற்றி. 'ஊசி' கூடாது. 'வலி' கூடாது. "வலிக்காது கண்ணா" என்பதும் கூடாது, ஏனென்றால் பிள்ளை காதில் அதில் 'வலி' மட்டும்தான் விழும். மருந்து என்றால் கசக்கும் என்று அதற்குத் தெரியும், அதனால் வார்னிஷுக்கு இங்கே 'பல்லு நெயில் பாலிஷ்' என்று பெயர். எச்சில் உறிஞ்சும் குழாய் 'யானைக்குட்டி தும்பிக்கை'. தலைவிளக்கு 'டார்ச் தொப்பி'. பையன் ஒருவன் அகராதி முழுவதையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறான். கையுறை போட்டபின் படிக்க முடியாதே என்று யாரோ சொல்ல, வேன் குலுங்குகிறது.

புறநகரில் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளி. காலை உணவுத் திட்டச் சாப்பாடு அப்போதுதான் முடிந்திருக்கிறது. வராந்தா முழுக்கக் கிச்சடி வாசம். பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்தது டாக்டர்களுக்கு ரொம்பச் சந்தோஷம். பசியோடு இருக்கும் பிள்ளை வாயைத் திறக்காது, தவிர, பூசிய பிறகு கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஒரே சிக்கல், அந்தக் கிச்சடியில் பாதி இன்னும் கடவாய்ப் பல்லில் இருக்கிறது! அதனால் முதல் வேலை குழாயடியில். வரிசையாகப் பிள்ளைகள், கையில் புது பிரஷ், எதிரே முதலை பொம்மையோடு ஒரு டாக்டர். முதலைக்குத் தேய்ப்பதைப் பார்த்துப் பார்த்துத் தங்களுக்கும் தேய்க்கிறார்கள். தேய்த்ததைவிடப் பக்கத்தில் இருப்பவன் மேல் துப்பியதுதான் அதிகம். டீச்சரின் சேலை நுனி நனைந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே அதைப் பிழிகிறார்.

இரண்டாம் வகுப்பு அறை இப்போது கிளினிக். பெஞ்சுகளை ஓரம் கட்டி, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் நாற்காலி போட்டாயிற்று. கரும்பலகையில் நேற்றைய கழித்தல் கணக்கு அப்படியே இருக்கிறது. மின்விசிறியைப் போட்டால் கேஸ் ஷீட் பறக்கிறது, நிறுத்தினால் டாக்டர்களுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. தலைக்குல்லா, முகக்கவசம், பிளாஸ்டிக் ஏப்ரன், கையுறை என்று அத்தனையும் மாட்டிக்கொண்டு சென்னை வெயிலில் உட்காருவது என்றால் சும்மாவா! ஒரு டாக்டரின் கண்ணாடி நிமிடத்துக்கு ஒரு முறை ஆவி படிந்து மங்குகிறது. பக்கத்தில் ஒரு அஞ்சாம் வகுப்புப் பெண், யாரும் சொல்லாமலே அட்டையால் அவருக்கு விசிற ஆரம்பித்துவிட்டாள். அன்று மதியம்வரை அவள் அந்த இடத்தை யாருக்கும் விட்டுத்தரவில்லை.

மூலையில் ஒப்புதல் கடிதங்களைச் சரிபார்க்கிறார்கள். அப்பா அம்மா கையெழுத்து இல்லாமல் ஒரு பல்லையும் தொடக்கூடாது. அதோடு சில கேள்விகளும் உண்டு: மூச்சு இரைப்பு இருக்கிறதா, எதற்காவது அலர்ஜி ஆகுமா, வாயில் புண் இருக்கிறதா. வார்னிஷின் அடிப்படை மரப்பிசின் என்பதால் அது ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். கடிதங்களில் எண்ணெய்க் கறை, காப்பி வட்டம், ஒன்றில் கோலம். ஒரு கடிதத்தில் 'அப்பா' என்று பச்சை கிரேயானில் கையெழுத்து! "இது உங்க அப்பா போட்டதா?" என்று டீச்சர் கேட்க, "அப்பா வேலைக்குப் போய்ட்டாரு, அதான் நானே போட்டேன்" என்று பதில் வருகிறது, துளியும் பயமில்லாமல். போன் போகிறது, அம்மா ஓடி வருகிறார், கையெழுத்தாகிறது. பையன் வரிசையில் கம்பீரமாக நிற்கிறான்.

இப்போது கிட்டே வாருங்கள், முதல் வாய் திறக்கப்போகிறது.

சிவப்பு ரிப்பன் கட்டிய ஒன்றாம் வகுப்புக்காரி. நாற்காலியில் ஏறிவிட்டாள், ஆனால் உதடு பூட்டுப் போட்டிருக்கிறது. டாக்டர் அவசரப்படவில்லை. குட்டித் தூரிகையை எடுத்துக் காட்டுகிறார். கைப்பிடி தீக்குச்சியளவு, முனையில் சின்னப் பஞ்சு. "இதால முதல்ல உன் நகத்துக்குப் போடட்டுமா?" சுண்டுவிரல் மெதுவாக நீள்கிறது. வெறும் தண்ணீரில் நனைத்து நகத்தில் ஒரு இழுப்பு. "கூசுதா?" தலை இல்லை என்று ஆடுகிறது. "அப்போ பல்லுக்கு?" சொல்லு, காட்டு, செய் என்று மூன்றே படி. குழந்தைப் பல் மருத்துவத்தில் 1959 முதல் சொல்லித்தரப்படும் முறை இது, இன்றைக்கும் இதை மிஞ்ச ஒன்று வரவில்லை என்கிறார் டாக்டர். ரிப்பன்காரி தன் நகத்தை முகர்ந்து பார்க்கிறாள். பிறகு, தானாகவே, "ஆ..."

வேலை நடக்கும் வேகத்தைப் பார்க்க வேண்டுமே! காஸ் துணியால் பற்களின் ஈரத்தை ஒற்றி எடுக்கிறார். கிண்ணத்தில் வார்னிஷ் சில துளிகள்தான் இருக்கிறது. பால் பற்கள் மட்டும் இருக்கும் வாய்க்குக் கால் மில்லி போதும். தேன் நிறம், தேனைவிடக் கெட்டி. தூரிகை கீழ்க் கடவாயில் தொடங்கி, மேடு பள்ளமெல்லாம் நனைத்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நுழைந்து, முன்பற்களுக்கு வந்து, மேலே ஏறி முடிகிறது. எச்சில் பட்டவுடன் அது அப்படியே படலமாக இறுகிக்கொள்கிறது. காத்திருப்பது கிடையாது, காற்று அடிப்பது கிடையாது. வாழைப்பழ வாசனை லேசாக வருகிறது. "அவ்ளோதான்!" என்கிறார் டாக்டர். ரிப்பன்காரி நம்பவில்லை. நாக்கை விட்டுத் தடவிப் பார்த்து, "ஒட்டுது" என்று தீர்ப்புச் சொல்லி இறங்குகிறாள். கன்னத்தில் ஒரு ஸ்டார்.

மொத்தம் ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். ஆனால் அந்த வாய் திறப்பதற்காகக் காலை ஏழு மணியிலிருந்து எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள் என்பதை நீங்களும் பார்த்தீர்கள். இந்த வைத்தியத்தின் திறமை முழுவதும் தூரிகை பல்லைத் தொடுவதற்கு முன்னால் நடக்கிறது. அதுதான் இங்கே நான் கண்டுகொண்ட பெரிய ரகசியம், அதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த ஓட்டம்.

பூசிய வார்னிஷ் என்ன செய்கிறது? வாயில் இருக்கும் கிருமிகள் நாம் தின்னும் இனிப்பை அமிலமாக்கி, எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுக்கும். எச்சில் அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கப் பார்க்கும். இந்த இழுபறியில் ஃபுளோரைடு எச்சிலின் பக்கம் நின்று கைகொடுக்கிறது. அது சேர்ந்து உருவாகும் எனாமல் அமிலத்துக்கு அவ்வளவு சீக்கிரம் கரையாது. வார்னிஷில் சோடியம் ஃபுளோரைடு 5 சதவீதம், அதாவது பத்து லட்சத்துக்கு 22,600 பங்கு ஃபுளோரைடு. நம் ஊர் டூத் பேஸ்ட்டில் இருப்பது 1,000 அளவில்தான். இவ்வளவு வீரியமானதைக் குட்டிப் பிள்ளைக்கும் தைரியமாகப் பூச முடிவதற்குக் காரணம் அந்தக் கால் மில்லிக் கணக்கும், உடனே ஒட்டிக்கொள்ளும் குணமும்தான். ஜெர்மனியில் 1964-ல் வந்த யோசனை இது.

பத்து மணிக்குமேல் அறையில் ஒட்டாத பொருளே இல்லை. வார்னிஷ் கையுறையில் ஒட்டி, கையுறை பேனாவில் ஒட்டி, பேனா கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறது. இரண்டு பிள்ளைகளின் ஷீட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க ஒரு டாக்டர் தவிக்கிறார். ஒருவர் வாய்க்குள் பார்த்துச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதுகிறார்: "ஃபைவ் ஃபைவ் சொத்தை. எய்ட் ஃபோர் சொத்தை. செவன் ஃபைவ் நல்லாருக்கு." பால் பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கிறது. வாயின் நான்கு கால்பகுதிக்கு 5 முதல் 8 வரை, பல்லுக்கு 1 முதல் 5 வரை. வரிசையில் நின்ற ஒரு சுட்டி இதைக் கேட்டுவிட்டு, "மிஸ், இவங்களும் வாய்ப்பாடு தப்பாச் சொல்றாங்க" என்று டீச்சரிடம் புகார் செய்கிறான்.

பக்கத்து அங்கன்வாடியிலிருந்து வாண்டுகளும் வந்துவிட்டன, கூடவே அம்மாக்கள், பாட்டிகள். மூன்று வயசுக்கு நாற்காலி சரிப்படாது. அதற்கு ஒரு அருமையான ஏற்பாடு உண்டு. அம்மாவும் டாக்டரும் முட்டிக்கு முட்டி தொடும்படி எதிரெதிரே உட்காருகிறார்கள். பிள்ளை அம்மாவைப் பார்த்தபடி அவர் மடியில். இரண்டு கால்களும் அம்மா இடுப்பைச் சுற்றி, கைகள் அம்மா கைக்குள். அப்படியே மெல்லச் சாய்த்தால் தலை டாக்டர் மடிக்கு வந்துவிடும். கண் மட்டும் அம்மா முகத்திலேயே இருக்கும். அழுதால்? "அழட்டும் சார், அழுதா வாய் நல்லாத் திறக்கும்!" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் வேலையை முடித்துவிடுகிறார். அழுகை நிற்பதற்குள் பூச்சு முடிந்துவிட்டது. வாண்டுக்கு அது புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகிறது, அதுவரைக்கும் கடமையாக அழுகிறான்.

அவனுடைய மேல் முன்பற்கள் நான்கிலும் வெள்ளைக் கோடு. ராத்திரி சர்க்கரைப் பால் பாட்டிலோடு தூங்கும் பிள்ளைகளுக்கு முதலில் அடிபடுவது அந்த நான்கு பற்கள்தான். "பால் பல்லுதானம்மா, விழுந்து முளைக்கப்போறது" என்கிறார் பாட்டி. டாக்டர் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆமா பாட்டி, முன்பல்லு ஆறு ஏழு வயசுல விழும். ஆனா கடவாய் பால் பல்லு பத்து, பதினொரு வயசு வரைக்கும் இருக்கணுமே? அதுவரைக்கும் முறுக்கைக் கடிக்க வேண்டாமா?" பாட்டிக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் படுகிறது. வெள்ளைக் கோடு நிலையில் பிடித்துவிட்டால் துளை விழாமல் நிறுத்த முடியும், அதற்குத்தான் இந்தப் பூச்சு என்றும், பாட்டிலை நிறுத்த வேண்டும் என்றும் எடுத்துச் சொல்கிறார். பாட்டி மருமகளைத் திரும்பிப் பார்க்கிறார். மருமகள் பாட்டியைப் பார்க்கிறார். பாட்டில் பழக்கம் யாரால் வந்தது என்பதை நாம் கேட்க வேண்டாம்.

கேஸ் ஷீட்டின் ஓரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சின்னதாக ஒரு குறி போடுகிறார்கள். இரண்டு மைனஸ், ஒரு மைனஸ், ஒரு பிளஸ், இரண்டு பிளஸ். பிள்ளை எவ்வளவு ஒத்துழைத்தது என்பதற்கான நான்கு படிகள் இவை. 1962-ல் ஃபிராங்கிள் என்பவரும் அவர் கூட்டாளிகளும் வகுத்துத் தந்தது, உலகம் முழுக்கக் குழந்தைப் பல் டாக்டர்கள் இதைத்தான் எழுதுகிறார்கள். அடுத்த முறை வரும் டாக்டருக்கு இது ஒரு முன்தகவல். வாண்டுக்கு ஒரு மைனஸ். ரிப்பன்காரிக்கு ஒரு பிளஸ். கிரேயான் கையெழுத்துப் பையன் நாற்காலியில் ஏறி, "எந்தப் பக்கம் முதல்ல?" என்று கேட்டு வாயைத் திறந்தான். இரண்டு பிளஸ், அதன் பக்கத்தில் டாக்டர் ஒரு ஸ்மைலியும் போட்டுவிட்டார்.

இரண்டாம் வகுப்பில் ஒரு புதையல் வேட்டை. ஆறு வயதில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், சத்தமில்லாமல் ஒரு பெரிய கடவாய்ப் பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பால் பல்லில் ஒன்று என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். புதிதாக முளைத்த எனாமல் முழுதாக முற்றியிருக்காது. சொத்தை சுலபமாகப் பிடிக்கும், ஃபுளோரைடையும் அது நன்றாக ஏற்றுக்கொள்ளும். "இதோ ஒண்ணு!" என்று டாக்டர் கண்ணாடியைச் சாய்த்துக் காட்டுகிறார். ஈறுக்குள்ளிருந்து பாதி எட்டிப் பார்க்கிற, பளீரென்ற வெள்ளைப் பல், அதன் மேட்டில் இன்னும் ஒரு துண்டு ஈறு மூடியிருக்கிறது. அந்தப் பையனுக்கும் கைக்கண்ணாடியில் காட்டினார்கள். "இது என்னோடதா?" என்று கேட்டான். அதற்கப்புறம் அறையைவிட்டுப் போகும்வரை வாயை மூடவே இல்லை, வழியில் வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டே போனான்.

கிளம்பும் முன் டீச்சர்களிடம் நாலு வார்த்தை. இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு சூடு ஆறினபிறகு, மெதுவாக மென்று சாப்பிடலாம். முறுக்கு, கடலை மிட்டாய், தேன் மிட்டாய் வேண்டாம். ராத்திரி பல் தேய்க்க வேண்டாம், நாளைக் காலையில் தேய்த்தால் மஞ்சள் போய்விடும். "ராத்திரி தேய்க்க வேண்டாமா? சூப்பர்!" என்று பின்வரிசையில் ஒரு குரல். "இன்னிக்கு மட்டும்தான்டா" என்று எல்லா டாக்டர்களும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்.

கல்லூரிக்குத் திரும்பியாயிற்று, ஆனால் நம் சுற்றுலா முடியவில்லை. வெளிநோயாளிப் பிரிவில் வேறொரு வேடிக்கை காத்திருக்கிறது. இங்கே ஜெல்!

ஆறு வயதைத் தாண்டிய, துப்பத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் இது. பல் வரிசையின் வளைவுக்கு நுரைத் தட்டுகள், அதற்குள் ஸ்ட்ராபெரி வாசனையில் ஜெல். தட்டை நிரப்பக்கூடாது, அடியில் கொஞ்சம்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று மாட்டிக் கடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, நான்கு நிமிடம் இருக்க வேண்டும். அமிலம் கலந்த ஜெல் என்பதால் லேசாகப் புளிக்கும், எச்சில் ஊற்றெடுக்கும், தும்பிக்கைக் குழாய் கொர்ரென்று உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு பிள்ளைக்கு நான்கு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காகவே இங்கே ஒரு சீனியர் டாக்டர் சரியாக நான்கு நிமிடம் ஓடும் கதை வைத்திருக்கிறார். பாட்டி வடை சுட்ட கதைதான். ஆனால் இவர் சொல்லும்போது வடைக்கு உளுந்து ஊறப்போடுவதிலிருந்து ஆரம்பிக்கும். எண்ணெய் காயும்போது ஒரு நிமிடம். காக்கா வரும்போது இரண்டு. நரி பாட்டுப் பாடச் சொல்லும்போது மூன்று. மூன்றாம் வகுப்புப் பையன் தட்டைக் கடித்தபடி, கண்கொட்டாமல் கேட்கிறான். கடைசியில் டாக்டர், "காக்கா வடையைக் காலுக்கடியில வெச்சுக்கிட்டு, 'ஆ' காட்டிப் பாடுச்சாம். அதோட பல்லெல்லாம் பளபளன்னு இருந்துச்சாம்" என்று முடிக்கிறார். பையன் கையை ஆட்டுகிறான், காலை உதைக்கிறான், கண்ணால் பேசுகிறான். தட்டை எடுத்து, துப்ப வைத்த அடுத்த நொடி வெடிக்கிறான்: "காக்காவுக்கு ஏது டாக்டர் பல்லு?" அந்தக் கேள்வியை வாயில் அடக்கிக்கொண்டு கடைசி நிமிடத்தை அவன் தாண்டியதுதான் கதையின் வெற்றி. இப்போது அரை மணி நேரம் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது, கொப்பளிக்கவும் கூடாது. அப்படியே துப்பிக்கொண்டே இருக்கலாம். அந்த அனுமதி அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பிரிவின் சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டுகிறார் சிஸ்டர். கதவில் ஒரு பாக்கெட் பால். டீக்கு இல்லையாம்! தப்பித்தவறி ஒரு பிள்ளை ஜெல்லை விழுங்கிவிட்டால் முதல் உதவி அதுதான். பாலில் இருக்கும் கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும். "இது வரைக்கும் அந்தப் பால் டீக்குத்தான் போயிருக்கு" என்று ஆயாம்மா மெல்லச் சொல்ல, சிஸ்டர் முறைக்கிறார். மறுநாள் காலை புதுப் பாக்கெட் வைப்பதும் ஆயாம்மாதான்.

மாணவர்களின் அறைக்குள் எட்டிப் பார்த்தால், வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது: 3, 7, 11, 13. பரீட்சைக்கு மனப்பாடம். நட்சன் என்ற அமெரிக்கர் 1940-களில் வகுத்த முறையில், இந்த நான்கு வயதுகளில், ஒவ்வொரு வயதிலும் வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை சோடியம் ஃபுளோரைடு கரைசலைப் பல்லில் தடவினார்கள். புதுப் பற்கள் முளைக்கும் வயதைப் பார்த்து வைத்த கணக்கு. அதற்கடுத்து வந்தது ஸ்டானஸ் ஃபுளோரைடு. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்க வேண்டும், வாய் முழுக்க உலோக ருசி, பல்லில் பழுப்புக் கறை. "அந்தக் காலத்துப் பிள்ளைங்க பாவம், ஸ்டிக்கரும் கிடைச்சிருக்காது" என்று ஒரு மாணவி உருகுகிறாள்.

கடைசி அறைக்குப் போகலாம். இங்கே மேஜையிலும் தரையிலும் கறுப்புப் புள்ளிகள். டாக்டரின் கட்டைவிரலிலும் ஒன்று. வெள்ளி கலந்த ஃபுளோரைடு மருந்து சொட்டியதன் அடையாளம் அது. ஜப்பானில் 1970-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்து, 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிய மருந்து. ஏற்கெனவே துளை விழுந்த பால் பல்லில், ட்ரில் இல்லாமல், ஒரு சொட்டு தொட்டு வைத்தால் போதும். பல சொத்தைகள் அங்கேயே நின்றுபோகும். ஆனால் சொத்தை பிடித்த இடம் கறுப்பாகிவிடும். நான்கு வயதுப் பெண்ணின் அம்மாவிடம் டாக்டர் முன்கூட்டியே போட்டோ காட்டி விளக்குகிறார். அம்மா ரொம்ப நேரம் யோசிக்கிறார். "ராத்திரி வலின்னு அழாம தூங்குவாளா?" அதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. கறை படாமலிருக்க உதட்டில் வாசலின் தடவி, ஈறை மறைத்து, சொட்டு வைக்கப்படுகிறது. "எனக்கு பிளாக் பல்லு வரப்போகுது" என்று அந்தப் பெண் வெளியே காத்திருந்த அண்ணனிடம் பெருமையாகச் சொல்வது நமக்குக் கேட்கிறது.

பிரிவுத் தலைவி மேடம் மட்டும் எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் கேட்பது ஒரு கேள்விதான்: "எந்த ஊரு? என்ன தண்ணி குடிக்கிறீங்க?" கட்டட வேலைக்காகத் தர்மபுரிப் பக்கமிருந்து வந்த குடும்பம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மூத்த பையனின் முன்பற்களில் பழுப்புப் பட்டைகள். பல் உருவாகும் வயதில் போர் தண்ணீர் வழியாக ஃபுளோரைடு அளவுக்கு மீறி உள்ளே போனதன் தழும்பு அது. இந்தப் பாதிப்பு இந்தியாவில் 1937-லேயே, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்து பதிவாகியிருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் இதற்காகத்தான். "மேலே பூசுறது வேற, வயித்துக்குள்ள போறது வேற" என்று மேடம் தன் மாணவர்களுக்குச் சொல்கிறார். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரைதான் நம் நாட்டுத் தர அளவு. அதனால்தான் வார்னிஷைத் துளிக் கணக்கில் எடுக்கிறார்கள், ஜெல்லைத் துப்ப வைக்கிறார்கள், மூன்று வயதுக்குள் பேஸ்ட் அரிசியளவு, அதற்குமேல் ஆறு வயதுவரை பட்டாணியளவு என்று அம்மாக்களின் விரலில் வைத்தே காட்டுகிறார்கள். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கச் சுருண்டு நிற்கும் பேஸ்ட்டை மறந்துவிடச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் முகாமின் கேஸ் ஷீட்டுகளை அடுக்கி, பெயர் டிக் செய்கிறார்கள். ஒட்டியவற்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிரிக்கிறார்கள். திடீரென்று அறை முழுக்கச் சிரிப்பு. கிரேயான் கையெழுத்துக்காரன் பெயரில் இரண்டு ஷீட்! முதல் பூச்சு முடிந்ததும் வெளியே போய், வரிசையின் கடைசியில் மறுபடியும் நின்றிருக்கிறான், இன்னொரு ஸ்டாருக்காக. வாயைத் திறந்தவுடன் மஞ்சள் பல் காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டாவது ஷீட்டில் சிகிச்சை என்ற இடத்தில் டாக்டர் எழுதியிருப்பது: 'ஏற்கெனவே பூசியாயிற்று. ஸ்டார் மட்டும் தரப்பட்டது.' குறியாக, இரண்டு பிளஸ்.

பள்ளிக்கூடத்துப் படிவம் பையில் வந்தால் மறக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். முகாம் வராத ஊராக இருந்தால் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரியிலோ, பல் டாக்டரிடமோ, முதல் பல் முளைத்ததிலிருந்தே கூட்டிப் போகலாம். சொத்தை வரும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்து, பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூசுவார்கள். போகும் வழியில் மட்டும் ஊசி, வலி என்று எதையும் பேசிவிடாதீர்கள். நெயில் பாலிஷ் என்று சொல்லுங்கள், மீதியை அந்த ஸ்டிக்கர் கூட்டம் பார்த்துக்கொள்ளும்!